பசை போட்டு ஒட்டிய எரிமலை

ராஜபாளையம்
14.12.2025

அன்பு மகள் ஹஃப்ஸாவுக்கு அத்தா எழுதுவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சேதுபதி வாத்தியார் தன்னுடைய மாடல் கடையை மூடிவிட்டார். மூட வைத்தவன் நான். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும் போலிருந்தது, அதனால் முறை மாறிவிட்டது. இப்போது முறைப்படி, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, நடமாடி, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகன் அனஸும் குட்டி அல்ஃபியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ 'அத விடுங்கத்தா, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு' என்று பேச்சை மாற்றிவிடுவாய், பதினைந்து வருஷமாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறாய். கடிதத்தில் அது நடக்காது. அதனால்தான் உன் மாமன் மகன் அன்சார் பதினெட்டாம் தேதி ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான் என்றதும் பேனாவை எடுத்துவிட்டேன். முட்டுவலி பரவாயில்லை. மதுரை டாக்டர் நடக்கச் சொன்னார், ஒரு மாதம் அவள் அசையவில்லை, இப்போது நடக்கிறாள், என்ன காரணத்தால் நடக்கிறாள் என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே வருகிறது.

நீ பத்தாவது படித்த வருஷம் நாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அப்போது இந்தக் குடோன் கிடையாது, ராஜபாளையம் மில்களில் கழித்துப் போடுகிற பழைய சாமானை ஏலத்தில் எடுத்து, மோட்டாராக இருந்தால் காயில் கட்டி ஓடவைத்து விற்கிற ஒற்றை ஷட்டர் கடை. பள்ளி விட்டு வந்ததும் நீ பையை வீசிவிட்டுக் காயில் கட்டுகிற மாரீஸ்வரனுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாய். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கென்று ஒரு குட்டி மோட்டார் சுற்றினாய். இரண்டு காயில் புகைந்துபோயிற்று, மூன்றாவது நின்றது. 'எண்ணிச் சுத்து பாப்பா, எண்ணிக்க தப்புனா பூராத்தையும் அவுத்துரு' என்று சொன்னதைத் தவிர மாரீஸ்வரன் அதில் கை வைக்கவே இல்லை. நூற்று நாற்பது சுற்று. பத்துப் பத்தாக நீ கோடு போட்டு எண்ணிய அட்டையை நான் கண்ணால் பார்த்தேன். பவுடர் டப்பா மூடியை வெட்டி விசிறியாக்கி, பி.வி.சி. குழாய் மூடிக்குள் அதைப் பூட்டி, பைக் பேட்டரியில் கொடுத்தால் கீழே இருந்த வாளித் தண்ணீர் நாற்காலி மேல் இருந்த வாளிக்கு ஏறியது. அதைப் பள்ளிக்கூட ஹாலில் கொண்டுபோய் வைத்தபோது, உன் அறிவியல் வாத்தியாரும் அன்றைக்கு நடுவருமான சேதுபதி, 'பாய் கடையில காயில் கட்டுதவன் செஞ்சதத் தூக்கிட்டு வந்து எனக்கே படங்காட்டுதியா' என்றார். நீ அழவில்லை. 'பிரிச்சுக் காட்டுறேன் சார், உங்க முன்னாலயே மறுபடி பூட்டுறேன்' என்றாய். 'பிரிக்கிற சோலியெல்லாம் இங்க கெடையாது, ஓரமா வை' என்றார். உன் மோட்டார் சாயங்காலம் வரை மேசைக்கு அடியில் செருப்புகளோடு கிடந்தது. முதல் பரிசு ஒரு எரிமலைக்கு, அதுவும் யாரோ தகப்பன் மதுரையில் கடையில் வாங்கிவந்த எரிமலைக்கு. அடுத்த ஜூனில் நீ காமர்ஸ் குரூப் கேட்டு எழுதிக் கொடுத்தாய். கணக்கிலும் அறிவியலிலும் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளை ஏன் இப்படி என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டார்கள். இன்று கப்பல் கம்பெனியில் மதிப்பான வேலையில் இருக்கிறாய், எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நீ கடைக்குள் வந்து உட்காரவும் இல்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து நான் பார்க்கவும் இல்லை. இதற்கு அந்த மனிதர் ஒருநாள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அன்றே எழுதி வைத்துவிட்டேன், தாளில் அல்ல.

அவர் ரிட்டயர் ஆனதும் என்ன கடை திறந்தார் என்று உனக்குச் சொன்னதில்லை. ரெடிமேட் மாடல் கடை. நீ சொந்தமாகச் செய்ததைக் கடைச் சரக்கு என்று தள்ளியவர், கடைச் சரக்கைப் பிள்ளைகளின் சொந்தச் செய்கை என்று விற்க உட்கார்ந்தார். எரிமலை, சூரிய மண்டலம், ஊசிக்குழல் வைத்த ஹைட்ராலிக் லிப்ட், விளக்கு எரிகிற இதயம், எல்லாம் தெர்மாகோலில் வெட்டிப் பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, கூடவே பிள்ளை மனப்பாடம் செய்ய ஒரு அச்சடித்த அட்டை. பிள்ளையின் பெயர் எழுத ஸ்டிக்கர் இனாம். கண்காட்சிக்கு முந்தின வாரம் அந்தக் கடை வாசலில் தாய் தகப்பன்மார் கூட்டம் பெருநாள் ஜவுளிக்கடை மாதிரி நிற்கும். பள்ளிக்கூடங்களில் நடுவராக உட்காருவதும் அவரே. மம்சாபுரம், வ. புதுப்பட்டி வரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்து மேசையில் எது நின்றாலும் அது அவர் கடையிலிருந்து ஆட்டோவில் போனதுதான். அந்த வழியாக நான் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பேன். நிறையட்டும், இன்னும் நிறையட்டும் என்று நினைத்துக்கொள்வேன். காலிக் கடையைக் கவிழ்த்து என்ன பிரயோசனம்.

இந்த ஜூன் மாதம் ஜெனிலா என்று ஒரு டீச்சர் குடோனுக்கு வந்தாள். மம்சாபுரத்துப் பெண், கிறிஸ்தவ வேதக்காரர்கள், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள், நீ படித்த அதே பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறாள், வேலை இன்னும் தற்காலிகம்தான். 'பல்சக்கரம் ரெண்டு வேணும் பாய், ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு' என்றாள். எதற்கு என்றேன். 'சைக்கிள்ல பின்னாடி இருக்க பல்சக்கரம் மட்டும் ஏன் டீச்சர் சிறுசா இருக்குன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. போர்டுல படம் போட்டுச் சொன்னேன். எனக்கே நம்பிக்க வரல' என்றாள். பள்ளிக்கூடத்தில் சாமான் இல்லையா என்று கேட்டேன். 'இருக்கு, பீரோவுல இருக்கு. சாவி ஆபீஸ்ல இருக்கு. எடுத்து ஒடஞ்சுட்டா யாரு கையெழுத்துப் போட்டாங்களோ அவங்க சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால இன்னும் ஒடையாம புதுசா இருக்கு' என்று சிரித்தாள். அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். போன வருஷம் ஒரு பிள்ளை எரிமலை விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்ததாம். நுரை ஏன் வருகிறது என்று இவள் கேட்டதற்கு, 'அது கடையிலயே அப்படித்தான் வரும் டீச்சர்' என்றதாம். அவள் சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கடை என்று மட்டும் கேட்டேன், பதில் தெரிந்தே கேட்டேன்.

அன்றைக்கு முதலில் எனக்குத் தோன்றியது கடைக்காரன் புத்திதான். அவர் கடைக்கு எதிரே ஒரு மாடல் கடை போடுவது, அவர் விலையில் பாதிக்கு விற்பது. யோசித்துப் பார்த்ததில் அது சரிவராது என்று பட்டது. நான் குறைத்தால் அவரும் குறைப்பார், வாங்கிப் பழகியவன் இன்று என்னிடம் வருவான், நாளை அவரிடமே போவான். ஆனால் செய்யத் தெரிந்துவிட்டவன் எந்தக் கடைக்கும் வரமாட்டான், என் கடைக்கும் வரமாட்டான், அவர் கடைக்கும் போகமாட்டான். அந்தச் சரக்குக்குச் சந்தையே இல்லாமல் செய்வதுதான் வழி. அதையும் பிள்ளைகளிடம் போய்ச் செய்தால் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் பாஸாகி வெளியே போய்விடும். டீச்சர் முப்பது வருஷம் அதே இடத்தில் இருப்பாள். பழி வாங்குவதென்றால் நாள்பட நிற்கிற மாதிரி வாங்க வேண்டும். ஜெனிலாவிடம் பல்சக்கரத்துக்குக் காசு வேண்டாம் என்றேன், சனிக்கிழமை சாயங்காலம் இன்னும் மூன்று டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். உன் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. 'அவளே மறந்துட்டா, நீங்க எதுக்கு இன்னும் போட்டு அரைச்சுக்கிட்டு இருக்கீங்க' என்றாள். நீ மறந்துவிட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் சனிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். மாரீஸ்வரன் தார்ப்பாயை விரித்து அதன்மேல் மில்லில் இருந்து வந்த பல்சக்கரம், கப்பி, பேரிங், நூல் சுற்றுகிற கட்டை, எரிந்த மோட்டார் எல்லாம் கொட்டி வைத்திருந்தான். 'தொடுங்க டீச்சர், கடிக்காது' என்றான். ஒருத்தரும் தொடவில்லை, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குச் செத்த நேரம் கழித்துத்தான் விளங்கியது, அந்தப் பீரோ சாவி அவர்களோடேயே வந்திருக்கிறது என்று. 'இதெல்லாம் ஏற்கெனவே ஒடஞ்ச சாமான் டீச்சர், நீங்க ஒடச்சா அது ரெண்டாந்தடவ, அதுக்கு ரிஜிஸ்டர் கெடையாது' என்றேன். சிரித்தார்கள், அதற்குப் பிறகுதான் கை நீண்டது. அன்னாள் என்று ஒரு டீச்சர், பத்தொன்பது வருஷமாக மின்சாரப் பாடம் நடத்துகிறவர், தன் கையால் வயரை வெட்டி, பல்லால் தோலுரித்து, பேட்டரியில் வைத்தார், பல்பு எரிந்தது. அணைத்தார், எரித்தார், அணைத்தார், எரித்தார், பதினொரு தடவை என்று மாரீஸ்வரன் சொல்கிறான், அவன் எதையும் எண்ணுகிறவன். 'இம்புட்டு வருஷமும் எரியும்னு நம்பித்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்' என்றார் கடைசியில். கேள்விகள் வரும்போது மாரீஸ்வரனுக்குத் தெரியாததும் வரும், எட்டாவதோடு நின்றவன்தானே. அவன் கூச்சப்படமாட்டான், 'தெரியல டீச்சர், பிரிச்சுப் பாப்பம்' என்பான். அவர்களுக்குப் பெரிய ஆச்சரியமே அதுதான், தெரியாது என்று சொல்லிவிட்டும் ஒரு ஆள் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்காரலாம் என்பது. இரண்டு மூன்று வாரத்தில் அவர்களும் அதையே வகுப்பில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஜெனிலா சொன்னாள். பிள்ளைகள் இப்போது டீச்சருக்குத் தெரியாத கேள்வியாகப் பார்த்துத் தேடிக்கொண்டு வருகிறதாம், பிரிக்கலாமே என்று. நாலு பேர் பதினொன்று ஆனார்கள், ஆகஸ்டு பிறக்கும்போது இருபத்தாறு. போகும்போது ஆளுக்கு ஒரு சாக்கு சாமான் கொடுத்துவிட்டேன், இனாமாகத்தான். நான் இனாமாக எதையும் கொடுத்து நீ பார்த்ததில்லை. கோபத்தில் இருந்ததால் கை தாராளமாக வந்தது.

ஆகஸ்டில் அவருக்கு விஷயம் போய்விட்டது. பழைய இரும்புக் கடையில் டீச்சர்களுக்கு என்ன பாடம் என்று கேட்டிருந்தால் கூட விட்டிருப்பேன். 'சனிக்கிழம சாயங்காலம் பொம்பள டீச்சருகளுக்குப் பாய் குடோன்ல என்ன சோலி' என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். பள்ளிக் கமிட்டியில் அவருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஜெனிலாவின் வேலையை அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டாம் என்ற வரைக்கும் பேச்சு போயிற்று. அந்த வாரம் ஆறு பேர் வரவில்லை. இதை உன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், அன்னாள் டீச்சர் சொல்லிவிட்டார். அதுவரை என்னைத் தடுத்துக்கொண்டிருந்தவள், 'அப்படியா சொன்னான், நான் வந்து உக்காருதேன் வாசல்ல' என்று கிளம்பினாள். வீட்டில் இருந்து குடோன் வரைக்கும் நடந்தே வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு, டீ பிளாஸ்க் ஒரு பக்கம், வருகிறவர்கள் பெயர் எழுத நோட்டு ஒரு பக்கம். புருஷன்மாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஒவ்வொரு டீச்சர் வீட்டுக்கும் அவளே போன் போட்டாள். ஏழு புருஷன்மார் வந்தார்கள். அதில் ஒருவர் பேங்கில் இருப்பவர், ஈயம் வைத்து வயர் பற்றவைப்பதில் பெண்டாட்டியை மிஞ்சிவிட்டார் என்று இப்போது வீட்டில் சண்டையாம். ஒரு சனிக்கிழமை கூடத் தவறாமல் அவள் வருகிறாள். டாக்டர் சொல்லி நடக்காதவளை சேதுபதி நடக்க வைத்தார். பழிவாங்குவதில் என்னைவிட உன் அம்மா கெட்டி என்று முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் கடைசியில் கண்காட்சி விதி வந்தது. வழக்கம்போல உன் பள்ளிக்கூடத்து ஹாலில், சுற்றுப்பட்டுப் பள்ளிகள் எல்லாம், நடுவர் சேதுபதி. துருப்பிடித்த பொருள் கூடாது, அழகுக்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பழைய சாமானில் செய்தது எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதற்குத்தான் அது. ஜெனிலா முகம் தொங்கிப்போய் வந்தாள். நான் அவளிடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உன் கதையைச் சொன்னேன். 'துருவத் தேச்சுக்கிடலாம்மா, அழகுக்கு நாப்பது இருந்துட்டுப் போவுது. பிரிச்சுக் காட்டி மறுபடி பூட்டாத எதுக்கும் பரிசு கெடையாதுன்னு ஒரு வரி மட்டும் சேக்கச் சொல்லு' என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பசை போட்டு ஒட்டியதைப் பிரித்தால் பூட்ட முடியாது. ஆனால் அதைத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்கிறவள் அவள், வேலை போனால் போவது அவளுக்கு, எனக்கல்ல. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனாள். தலைமையாசிரியை சிவரஞ்சனி கண்டிப்பான அம்மாள், இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார், இவள் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். உடனே பழைய கண்காட்சிப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி, அந்த வருஷத்துப் பக்கத்தைத் திருப்பி வாசித்தாராம். 'ஹஃப்ஸா, பத்தாம் வகுப்பு, நீர் இறைக்கும் மோட்டார், சொந்தத் தயாரிப்பு அல்ல, நீக்கம்.' கீழே சேதுபதி கையெழுத்து. அந்த அம்மாள் அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே விதியில் சேர்த்துச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார். பக்கத்தின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயருக்குப் பக்கத்தில் மை கொட்டியிருக்கிறது, அது நகலில் வந்த கறை இல்லை, அன்றைக்கே கொட்டியது.

சுற்றறிக்கை எல்லாப் பள்ளிக்கும் போனது, சேதுபதிக்கும் போனது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வாங்குகிறவர்களுக்குச் சொல்லவும் இல்லை, யார் போய் நூறு பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நவம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். தலைமையாசிரியை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு மேசையிலும் 'பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க சார்' என்றார். அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. முதல் மேசையில் எரிமலை. பிள்ளை பயந்துபோய் இழுத்தது, வரவில்லை, பிளேடு கொடுத்தார்கள், எரிமலை இரண்டாகப் பிளந்து உள்ளே இருந்து பழைய நியூஸ் பேப்பரும் ஒரு இருமல் மருந்து பாட்டிலும் விழுந்தது. அதற்குப் பிறகு மற்ற பிள்ளைகள் தங்கள் மாடலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டன. அந்தப் பிள்ளைகளைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது, அதைத் தவிர அன்றைக்கு எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. வ. புதுப்பட்டியில் இருந்து வந்த ஒரு பெண், தேங்காய் மூட்டை தூக்குகிற கப்பி செய்திருந்தாள், நம் குடோன் நூல்கட்டைதான், நம் பல்சக்கரம்தான். இருபத்துமூன்று உருப்படியாகப் பிரித்து வரிசையாக வைத்தாள். பூட்டும்போது ஒரு வாஷரைக் காணோம். மேசைக்கு அடியில் தவழ்ந்து செருப்புகளுக்கு நடுவே தேடி எடுத்தாள், பூட்டினாள், சுற்றினாள், மூட்டை ஏறியது. அந்த மேசைக்கு அடியில் அவள் போனபோது நான் சேதுபதியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று பரிசும் டீச்சர்கள் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தவற்றுக்கே போனது, சீட்டில் கையெழுத்துப் போட்டது அவர். மறுநாளே தாய் தகப்பன்மார் பிளந்த எரிமலையோடு அவர் கடை வாசலில் நின்றார்கள். ஜனவரிக்குச் சொல்லிவைத்திருந்த பள்ளிகள் வேண்டாம் என்றுவிட்டன. ஜெனிலாவுக்கு வேலை நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று முன்தினம் ஜும்மா முடிந்து நான் குடோனுக்கு வந்தபோது அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். உன் அம்மாவின் நாற்காலியைக் கொடுக்காமல் ஸ்டூலைக் காட்டினேன். கடையைக் காலி செய்ய வேண்டும், மீதிச் சரக்கை மொத்தமாக நான் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார், ராஜபாளையத்தில் அதை எடுக்கக்கூடிய வியாபாரி வேறு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். 'இதெல்லாம் நீங்களே செஞ்சதா சார், இல்ல வேற ஆளு செஞ்சதா' என்று கேட்டேன். பதினைந்து வருஷம் வாயில் வைத்திருந்த வார்த்தை. மாரீஸ்வரன் காயில் சுற்றுகிற மெஷினை நிறுத்திவிட்டான், காது கேட்க வேண்டுமே. அவர், 'ஒம்ம மக செஞ்சதுன்னு அன்னைக்கு நான் நம்பல பாய். பொம்பளப் புள்ள காயில் கட்டும்னு தோணவே இல்ல. அது என் தப்புதான். ஆனா நீரும் அங்கனதான நின்னீரு, ஹால் வாசல்ல. பள்ளிக்கூடத்து போர்வெல் மோட்டார் ஆர்டரு ஒம்ம சட்டப் பையில இருந்துச்சு, ஒமக்கு வாங்கிக் குடுத்ததே நாந்தான். அந்தப் புள்ள திரும்பி ஒம்மளப் பாத்துச்சு. நீரு ஒரு வார்த்த, பிரிச்சுத்தான் பாருங்களேன் சார்னு சொல்லிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்' என்றார்.

ஹஃப்ஸா, இதுதான் போனில் சொல்ல முடியாதது. அவர் சொன்னது உண்மை. நான் வாசலில் நின்றேன். ஆர்டர் சட்டைப் பையில் இருந்தது. நீ திரும்பிப் பார்த்தாய், நான் வாளியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்குப் போய்விட்டேன், சாயங்காலம் உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழியில் 'பெரிய ஆளுககிட்ட மோத வேணாம் தாயி' என்றேன். அந்த ஆர்டரில் இருந்துதான் நம் வியாபாரம் எழுந்தது, இந்தக் குடோன் அதிலிருந்து வந்ததுதான். உன் மோட்டாரைக்கூட நான் வைத்திருக்கவில்லை, செம்பு விலை ஏறிய ஒரு வாரம் மூட்டையோடு மூட்டையாக அதுவும் போய்விட்டது, போனது எனக்குத் தெரிந்தேதான் போனது. நீ யாரால் காமர்ஸ் குரூப்புக்குப் போனாய், மேசைக்குப் பின்னால் இருந்தவராலா, வாசலில் நின்றவனாலா என்று உன்னிடம் கேட்க எனக்கு இத்தனை வருஷம் துணிச்சல் வரவில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், பொய் எழுத இவ்வளவு தாள் வேண்டாம். அவர் பேசி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து விலை பேசினேன்.

மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை. மலைப்பக்கம் மழை நன்றாகப் பெய்தது, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கிறது. பின்கட்டு ஒழுகுகிறது, தை பிறந்ததும் கூரை ஓடுகளை மாற்றிவிடுவேன். அன்சாருக்கு அங்கே அறை கிடைக்கும்வரை இரண்டு வாரம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டில் வாய் நீளம், மற்றபடி நல்ல பிள்ளை. பால்கோவா இரண்டு கிலோ கொடுத்திருக்கிறேன், மருமகனுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று நீ சொன்னதால் ஒரு டப்பாவை வந்ததுமே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடு. பணத்தை யாருக்கும் கைமாற்றாகக் கொடுக்காதே, கொடுத்தால் திரும்பி வராது என்றே நினைத்துக் கொடு. போன வாரம் வீடியோவில் அல்ஃபியா புதுப் பொம்மைக் காரைப் பிரித்துப் போட்டுவிட்டாள் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தாய். அவள் கை நிறைய ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டாதே மா. மறுபடி பூட்டச் சொல், பூட்டும்வரை பக்கத்தில் நில். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் தேகசுகத்தையும் கொடுத்து, உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. மறந்துவிடாதே, அல்ஃபியாவுக்குச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்று வைத்திருக்கிறேன், அன்சாரின் பெரிய பெட்டியில் கைலிக்கு நடுவே இருக்கிறது, கைப்பையில் தேடாதே.

இப்படிக்கு,
உன் அத்தா
அ. பிச்சை முகம்மது

பி.கு. பேசி முடித்ததை எழுதாமல் விட்டால் நீ கேட்பாய். குட்டி மோட்டார்களும் வயரும் எடை போட்டு கிலோ நூற்றிருபது ரூபாய். ஊசிக்குழலும் பல்பும் டீச்சர்களுக்கு, அதற்கு விலை கிடையாது. தெர்மாகோலை நான் தொடமாட்டேன், அவரே அள்ளிக்கொண்டு போக வேண்டும். வருகிற சனிக்கிழமை தொடங்கி ஆறு சனிக்கிழமை அவர் நம் குடோனில் தார்ப்பாயில் டீச்சர்களோடு உட்கார்ந்து தன் கடை மாடல்களைப் பிரித்து, பசை இல்லாமல் ஸ்க்ரூ போட்டுப் பூட்ட வேண்டும், சொல்லிக்கொடுப்பது மாரீஸ்வரன், பெயர் எழுதிக்கொள்வது உன் அம்மா. ஏழாவது வாரம் தலைமையாசிரியை முன்னால் அந்தப் பதிவேட்டில் உன் பெயருக்கு நேராக, 'இந்த மாணவி தானே செய்தது, பிரித்துக் காட்டுகிறேன் என்றாள், நான் விடவில்லை' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான், அந்த வரிக்குக் கீழே 'தகப்பன் வாசலில் நின்றிருந்தேன், கேட்கவில்லை' என்று எழுதி நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று. ஒத்துக்கொண்டேன்.